ரப்பர் பால் குடித்த வண்டி

சொக்கநாத பிள்ளைக்கு எதுவும் ஒழுகக் கூடாது. ஓட்டில் ஒரு சொட்டு இறங்கினால் மழையிலேயே ஏணி வைத்து ஏறிவிடுவார். குடமோ குடையோ, ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவருடைய வாயை மட்டும் அவராலும் அடைக்க முடியவில்லை, ஊராலும் அடைக்க முடியவில்லை. அதனால்தான் இப்போது நெய்யாற்றின்கரை லாக்கப்பில் இருந்தார்.

பாறசாலைச் சந்தியில் ஜாதா நடந்தது. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று மற்றவர்கள் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். இவர் மட்டும் ஒரு பெட்டிக்கடைப் பலகைமேல் ஏறி, போலீஸ் வந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். பலகையோடு இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அவருடைய மனைவி சொர்ணம்மாளுக்கு அரசியலில் கோபம் இல்லை. அவர் பேசுவது நியாயம் என்றுதான் அவளும் நினைத்தாள். அவளுடைய பயம் வேறு. சொக்கநாத பிள்ளைக்கு இளைப்பு உண்டு. ஈரக்காற்று பட்டால் நெஞ்சு சீட்டி அடிக்கும், இரவெல்லாம் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். அந்த மனிதர் சிமென்டுத் தரையில் படுத்துக் கிடக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது.

வக்கீலைப் பார்க்க நெய்யாற்றின்கரைக்கு நடந்தே போன பொன்னப்பன் அன்று மதியம் திரும்பி வந்தான். அடுத்த வீட்டுக்காரன். பட்டாளத்தில் பர்மா வரைக்கும் வண்டி ஓட்டியவன். ஐக்கிய கேரளம் வந்தே தீரும் என்று டீக்கடையில் சொக்கநாத பிள்ளையோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனும் அவன்தான்.

"தங்கச்சி, நாளைக்கு உச்சைக்கு முன்னால மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால நிறுத்துவாவளாம். நிலம் உள்ள ஆளு ஒருத்தரு, கரம் தீர்த்த ரசீதோட வந்து ஜாமீன் நிக்கணும். இல்லேன்னா சாயங்காலம் திருவனந்தபுரம் ஜெயிலாக்கும்."

"அவியளைப் பாத்தேளா?"

"பாத்தேன். அங்கயும் எங்கூட வழக்குதான் பேசினான். ஆனா முழுசாப் பேச முடியல. நடுவில நடுவில நிறுத்தி மூச்சு வாங்குகான்."

சொர்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஜாமீனுக்கு ஆள் இருந்தது. பாறசாலையில் அவளுடைய தாய்மாமன் தாணுமாலய பிள்ளை, ராஜா காலத்துக் குமாஸ்தா, பென்ஷன்காரர், வயலும் தென்னந்தோப்பும் உடையவர். அன்று காலையிலேயே போய்க் கேட்டிருந்தாள். சம்மதித்தார், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, காலில் வாதநீர் கோத்திருப்பதால் ஓரடி நடக்கமாட்டார், ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மற்றது, சொர்ணம்மாளின் ரப்பர்க் கண்டத்துக்கு நிலவரி கட்டிய கர ரசீது அவர் கையில் இருக்கவேண்டும். அந்த நிலம் அவளுடைய அம்மா அவளுக்கு எழுதிவைத்தது. நாளைக்கு மருமகன் கம்பி நீட்டினால் மாமா வெறுங்கையோடு நிற்கக்கூடாது அல்லவா? பாசத்தில் அவர் எப்போதும் கணக்கானவர்.

ஏற்றிக்கொண்டு போக என்ன இருக்கிறது? ஹர்த்தால். பஸ் நின்று நாளாகிவிட்டது. வழியில் கல்லெறி என்று கேள்விப்பட்டதிலிருந்து கட்டவண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். மாட்டுத் தொழுத்தின் ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்ற மோட்டார் சைக்கிள். சண்டைக் காலத்துப் பட்டாள வண்டி, சொக்கநாத பிள்ளை ஏலத்தில் எடுத்தது. பக்கத்தில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காருகிற பெட்டியும் உண்டு. வாதக்கால் மாமாவுக்கென்றே செய்ததுபோல.

என்ன ஒன்று, வண்டி ஓடாது. சொக்கநாத பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதற்கு முன்பே அது மக்கர் பண்ணிவிட்டது. கிளச்சைப் பிடித்தாலும் விடாது, கியரைப் போட்டால் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். கடைசியில் கிக்கரை மிதித்தால் அதுவும் அசையவில்லை.

"திறங்கோ அண்ணாச்சி, பாப்போம்," என்றாள் சொர்ணம்மாள்.

"நான் ஓட்டுகவனாக்கும் தங்கச்சி. நன்னாக்குறதுக்குப் பட்டாளத்துல வேற ஆளு உண்டு."

"இங்க வேற ஆளு இல்ல."

இடப்பக்கத்துத் தகர மூடியின் திருகுகளைக் கழற்றினான். மூடி வரவில்லை. கத்தியை விட்டு நெம்பியபோது, பலாச்சுளையைப் பிரிக்கிற மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே எண்ணெயில் ஊறிக் கறுத்த பிசின். சங்கிலியின் கண்ணிகளிலெல்லாம் அது. கிளச்சின் தட்டுகளுக்கிடையில் அது. எஞ்சின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்துக்குப் பின்னாலும் கட்டியாக அப்பிக் கிடந்தது.

பொன்னப்பன் ஒரு துண்டை உருட்டி மோந்து பார்த்தான். "தங்கச்சி, இது ரப்பர் பாலல்லவா?"

சொர்ணம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மூடியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடியும். இந்த ரக வண்டிகளில் வடியாத மூடியே கிடையாது என்று பொன்னப்பன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சொக்கநாத பிள்ளை கேட்பாரா? ஒரு நாள் காலையில் சிரட்டையில் பாலை எடுத்துக்கொண்டு வந்து, ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, மூடியின் விளிம்பெல்லாம் வழிய வழியப் பூசினார். இனி ஒரு சொட்டு ஒழுகாது என்று டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். ஒழுகவில்லைதான். எண்ணெய் பட்டால் ரப்பர் இளகும் என்று அவருக்கு யார் சொல்வது? இளகிய ரப்பரைச் சங்கிலி உள்ளே இழுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிட்டது. ரப்பர்த் தோட்டக்காரன் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு வைத்தியம் தோன்றாது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "எப்பிடி எடுக்கது?"

பொன்னப்பன் தலையைச் சொறிந்தான். மேலே இருப்பதைக் கத்தியால் சுரண்டலாம். பல்சக்கரத்துக்குப் பின்னால் அப்பியிருப்பதை அப்படி எடுக்க முடியாது. கிளச்சையும் எஞ்சின் பல்சக்கரத்தையும் கழற்றியே ஆகவேண்டும். சங்கிலிக்கோ பிரிக்கிற கண்ணி கிடையாது. அதனால் இரண்டையும் சங்கிலியோடு ஒன்றாகத்தான் வெளியே இழுக்கவேண்டும்.

"அதுக்குப் புல்லர்னு ஒரு சாதனம் உண்டு. அது இல்லாம நடக்கூல்லா. பட்டாளத்துல..."

"பட்டாளம் இருக்கட்டு. அந்தப் புல்லர் என்ன செய்யும்?"

"பின்னால பிடிச்சு இழுக்கும். நடுவில தண்டைத் தள்ளும்."

"அப்போ பிடிக்க ஒண்ணு வேணும், தள்ள ஒண்ணு வேணும். அம்புட்டுதானே?"

"அம்புட்டுதான்னு சொல்லப்பிடாது தங்கச்சி, அது சாதனமாக்கும்."

"அண்ணாச்சி, நாளைக்கு உச்சைக்கு முன்னால மாமாவை நெய்யாற்றின்கரையில கொண்டு இறக்கணும். சாதனம் இல்லேன்னு மாஜிஸ்திரேட்டுட்ட சொன்னா விட்டுருவாரா?"

பொன்னப்பனின் மனைவி சரசம்மா வேலியருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏதெங்கிலும் செய்யி மனுஷா," என்றாள் புருஷனைப் பார்த்து. "அவரு உள்ள கிடந்தா நீயி ஆருகூட வழக்கு பேசும்? எங்கூடயாக்கும் பேசும். எனக்கு முடியூல்லா."

அந்த வாதம் பொன்னப்பனை அசைத்தது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

கிளச்சின் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருந்த வட்ட நட்டுகளைத் திருப்ப, நடுவில் பிளந்த ஸ்குரூடிரைவர் வேண்டுமாம். சொர்ணம்மாள் தேய்ந்துபோன ஒரு பால்வெட்டுக் கத்தியை எடுத்துவந்து, அரத்தால் அதன் முனையில் ஒரு பள்ளம் ராவினாள். நட்டுகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிப்போன தட்டுகளைத் தோசைக்கல்லிலிருந்து கருகின தோசையைக் கிளப்புகிற மாதிரி கிளப்பி எடுத்தாள். ஒரு சட்டி மண்ணெண்ணெயில் போட்டாள்.

அடுத்தது நடு நட்டு. திருப்பினால் கிளச்சே கூடச் சுற்றியது. பொன்னப்பன் டாப் கியரில் போட்டு, வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, பின்பிரேக்கை முழுப்பாரத்தோடு மிதித்தான். இப்போது சுற்றவில்லை. ஆனால் நட்டும் அசையவில்லை. சொர்ணம்மாள் ஸ்பானரின் வாலில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி நீளமாக்கினாள். அந்தக் குழாயின் நுனியில் இரண்டு கையையும் வைத்து, காலைத் தரையில் ஊன்றித் தொங்கினாள். சட்டென்று ஒரு சத்தம். ஸ்பானர் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். நட்டு இளகியிருந்தது. சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகிச் சுற்றவிடாமல் செய்ததும் எஞ்சின் பக்கத்து நட்டும் வந்தது. அதற்கு மட்டும் உள்ளங்கையில் கொஞ்சம் தோல் போயிற்று.

நட்டு வந்தால் எல்லாம் வந்தது என்று நினைத்தாள். இல்லை. இரண்டு சக்கரமும் சரிவான தண்டில் இறுகி உட்கார்ந்திருந்தன. பொன்னப்பன் சுத்தியலை ஓங்கினான்.

"அடிக்கப்பிடாது," என்று தானே சொல்லிக்கொண்டு இறக்கினான். "தண்டு வளைஞ்சா வண்டி இரும்புக்கடைக்குத்தான். இழுக்கத்தான் வேணும். அதுக்குப் புல்லர்..."

"புல்லர்ங்கிற பேரை இனி எடுத்தா சட்டியில இருக்க மண்ணெண்ணெயைத் தலையில ஊத்துவேன், பாத்துக்கோங்கோ."

சொல்லிவிட்டு எழுந்து தொழுத்தைச் சுற்றி நடந்தாள். தள்ளுவதற்கு ஒன்று. மெல்ல, விடாமல், திருகத் திருகத் தள்ளுகிற ஒன்று. எதிரே ரப்பர் ஷீட்டு அடிக்கிற மெஷின் நின்றது. இரண்டு உருளை, அவற்றின்மேல் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், சட்டத்தின் நடுவில் கைப்பிடி வைத்த தடித்த திருகு. ஷீட்டு மெல்லியதாக வேண்டுமானால் அந்தத் திருகை இறக்குவாள். அது மேல் உருளையைக் கீழே தள்ளும். தினமும் காலையில் அவள் கையால் திருகுகிற திருகு.

"அண்ணாச்சி, இது தள்ளும்."

அன்றைய பால் டிஷ்ஷுகளில் உறைந்து கிடந்தது. மெஷினைப் பிரித்தால் அவ்வளவும் பாழ். சொர்ணம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் சட்டத்தைத் திருகோடு கழற்றி எடுத்தார்கள். பிடித்து இழுக்கத் தொழுத்துக் கதவின் கீல்பட்டைகள் உதவின. அவற்றின் ஒரு பக்கத் துளைகளைக் கிளச்சின் ஸ்பிரிங் ஆணிகளில் மாட்டி நட்டு போட்டார்கள். மறுபக்கத்தைச் சட்டத்தின் இரண்டு முனையிலும் போல்ட்டால் பூட்டினார்கள். திருகின் நுனி தண்டின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

எஞ்சின் பல்சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை. ஆணியும் கிடையாது, துளையும் கிடையாது. அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் டயர் கழற்றுகிற இரண்டு கம்பிகளை விட்டு நெம்புவது என்று பொன்னப்பன் சொன்னான். சொன்னவன் தானே ஒரு யோசனையையும் சேர்த்துக்கொண்டான். "சூடாக்கினா இரும்பு விரியும். சரசு, வெள்ளம் கொதிக்க வையி."

"சோத்துக்கு வச்சது கொதிக்குது. அதை எடுக்கட்டா?"

"எடு."

சரசம்மா சோற்றுப்பானைத் தண்ணீரைக் கிண்டியில் மொண்டுவந்து சின்னச் சக்கரத்தின்மேல் தாரையாக விட்டாள். சொர்ணம்மாள் திருகைத் திருகினாள். பொன்னப்பன் கம்பிகளை நெம்பினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு கிண்டி. திருகு இனித் திரும்பாது என்கிற இடம் வந்தது. கீல்பட்டை வளைய ஆரம்பித்தது.

"விடு தங்கச்சி, பொட்டிரும்."

"பொட்டட்டு."

மறுபடியும் ஒரு கால் திருப்பு. அப்போது துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. சரசம்மா கிண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நிஜத் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய காலம் அது, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கிளச் தண்டைவிட்டு விரல் அகலம் வெளியே வந்து நின்றது. அது வந்ததும் சங்கிலி தளர்ந்தது, நெம்பிய கம்பிக்குச் சின்னச் சக்கரமும் மெல்லக் கொடுத்தது. இரண்டையும் சங்கிலியோடு, கொடியில் துணியை எடுப்பதுபோல ஒன்றாக எடுத்துச் சாக்கின்மேல் வைத்தார்கள்.

சொர்ணம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்ணெண்ணெயில் துணியை முக்கி, அந்தப் பிசினைப் பல் பல்லாகத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரு பல்லைத் துடைக்கும்போது புருஷனைத் திட்டினாள், அடுத்த பல்லுக்கு அவருக்கு மூச்சு சீராக இருக்கவேண்டும் என்று சாஸ்தாவை வேண்டிக்கொண்டாள்.

விடிந்ததும் பூட்டினார்கள். பொன்னப்பன் மிதித்தான். முதல் மிதியில் இருமியது, அடுத்ததில் பிடித்தது. கிளச்சைப் பிடித்தால் விட்டது. தகர மூடியிலிருந்து எண்ணெய் முறைப்படி சொட்டத் தொடங்கியது. யாரும் அதை அடைக்க நினைக்கவில்லை.

பெட்டியில் சொர்ணம்மாள் ஏறினாள். வழியில் ஒரு இடத்தில் மரத்தை வெட்டிப் போட்டுத் தமிழ்க்காரப் பிள்ளைகள் நின்றார்கள். அவள் புருஷனின் பேரைச் சொன்னாள், மரத்தைத் தூக்கினார்கள். இன்னொரு இடத்தில் ஐக்கிய கேரளக்காரர்கள் நின்றார்கள். பொன்னப்பன் மலையாளத்தில் உறவு முறை சொல்லி இரண்டு வசவும் சொன்னான், விலகிவிட்டார்கள். ஒரே வண்டியில் இரண்டு கட்சியும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பாறசாலையில் மாமாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"மக்கா, நான் ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தேன்," என்றார் தாணுமாலய பிள்ளை. "நான் சர்க்கார் பென்ஷன் வாங்குகவனாக்கும். சர்க்காரை எதுத்தவனுக்கு ஜாமீன் நின்னேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

"நேத்து வாறேன்னு சொன்னேளே மாமா."

"நேத்து வண்டி ஓடாதுன்னு சொன்னாவ."

ஜன்னல் மூடிக்கொண்டது. இவ்வளவு பாடும் பட்டது இந்த வாதக்காலை ஏற்றவா? சொர்ணம்மாளுக்குக் கதவை ஓங்கி ஒரு உதை விடலாம் போல இருந்தது. விடவில்லை. திரும்பி வந்து பெட்டியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குத் திருப்பட்டா?" என்று மெல்லக் கேட்டான் பொன்னப்பன்.

"வீட்டுக்கு எதுக்கு? கோர்ட்டுக்கு விடுங்கோ."

"ஆளு?"

"விடுங்கோ அண்ணாச்சி."

பொன்னப்பன் கியரைப் போட்டான். அமரவிளை தாண்டி, நெய்யாற்றுப் பாலம் தாண்டி, கோர்ட்டு வாசலில் போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

வக்கீல் இளவயசுக்காரர். ஜாமீன்காரர் எங்கே என்று கேட்டார். சொர்ணம்மாள் மடியிலிருந்து கர ரசீதை எடுத்து நீட்டினாள். வாங்கிப் பார்த்துவிட்டு அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அம்மா, நம்ம வீட்டுப் பெண்ணுங்க ஜாமீன் நிக்கது இங்க வழக்கமில்ல."

"அது சட்டமா, வழக்கமா?"

"வழக்கம்தான்."

"அப்போ உள்ள வாங்கோ."

கூண்டில் சொக்கநாத பிள்ளை நின்றார். ஐந்தாறு நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது.

ஜாமீன்காரன் யார் என்று மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்டார். வக்கீல் எழுந்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

"நானாக்கும்," என்றாள் சொர்ணம்மாள்.

மாஜிஸ்திரேட் ரசீதில் இருந்த பேரைப் படித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுத்த, உள்ளங்கையில் துணி சுற்றிய கையைப் பார்த்தார். பிரதிக்கூண்டில் நிற்கிறவன் உனக்கு யார் என்று கேட்டார். புருஷன் என்றாள். விசாரணைக்கு இவன் வராவிட்டால் நிலம் போய்விடும், தெரியுமா என்றார். தெரியும் என்றாள்.

"இவன் வெளியே வந்தால் மறுபடியும் ஜாதாவுக்குப் போவானா?"

கோர்ட்டு முழுக்க அவளைப் பார்த்தது. வக்கீல் தலையை ஆட்டி ஜாடை காட்டினார், இல்லை என்று சொல்லச் சொல்லி. ஒரு பொய். ஒரு சின்னப் பொய் போதும். சொக்கநாத பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்த மனிதர் ஜாதாவுக்குப் போகமாட்டேன் என்று செத்தாலும் சொல்லமாட்டார். அவர் சார்பில் அவள் சொன்னால் அதற்குப் பிறகு அவள் முகத்தில் விழிக்கமாட்டார்.

"போவாரு எசமானே," என்றாள். "அது என் கையில இல்ல. கோர்ட்டு கூப்பிடுத அன்னைக்கு இவியளைக் கொண்டு நிறுத்தது என் கையில உண்டு. பஸ்ஸு இல்லேன்னாலும் உண்டு, ஹர்த்தாலுன்னாலும் உண்டு. நான் கொண்டு நிறுத்துவேன்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் ரசீதை மடித்து வைத்தார். பிறகு ஜாமீன் விசாரணைக்கு வருவதற்குத்தானே என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"சொர்ணம்," என்றார் சொக்கநாத பிள்ளை, மூச்சைப் பிடித்துப் பிடித்து. "ஆருக்க ஜாமீன்லயும்... வெளிய வரமாட்டேன்னு... கூட்டத்துல சொல்லியிருக்கேன்."

"அது ஊரான் ஜாமீனு. இது எங்க அம்மைக்க மண்ணாக்கும். இறங்குங்கோ."

ஊர் பார்க்கப் பெண்டாட்டியோடு சேர்ந்து நடக்கவே கூசுகிறவர் அவர். கூண்டின் படி உயரமாக இருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் அவர் கையை நீட்டினார். அவளுடைய கறுத்த கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.